கருமுட்டை தானம் பெறப் புகும் தம்பதிகள் அறிய வேண்டியவை

விவாகமாகி ஏழெட்டு வருஷங்கள் கழிந்தும் குழந்தைப் பேறு வாய்க்காத ஒரு தம்பதியிடம், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் முடிந்தபின், ‘உங்கள் முட்டையில் பலன் காண்பது கடினம், டோனர் முட்டை வைத்துப் பார்க்கலாம்’ என்று டாக்டர் சொல்லிவிடும்போது, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்து வீடானாலும் விழுப்புரத்து வீடானாலும் பெரும்பாலும் இரண்டு யோசனைகளே எழுகின்றன. நம் தங்கை கொடுக்கமாட்டாளா என்பது ஒன்று. யாரோ ஒருவர் ஏற்பாடு செய்து தருகிறாராமே என்பது மற்றொன்று. மனிதர்கள் துயரத்தில் இப்படி நினைப்பது இயற்கையே. ஆயினும் 2022 ஜனவரி 25 முதல் தேசமெங்கும் அமலில் இருக்கும் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற வங்கியின் வழியாகவே டோனர் வர வேண்டும் என்ற அமைப்பினால் முதல் யோசனைக்கு இடம் வைக்கவில்லை. இடைத்தரகரைக் கொண்டு டோனரைப் பிடிக்கும் இரண்டாவது யோசனையையோ தண்டனைக்குரிய குற்றமென்றே சொல்லுகிறது.

டோனர் முட்டை யாருக்குத் தேவைப்படும் என்பதில் அதிக சர்ச்சையில்லை. வயது ஏறியதாலோ, நாற்பதுக்கு முன்பே சினைப்பைகள் செயலிழந்துவிட்டதாலோ, புற்றுநோய்ச் சிகிச்சையாலோ சொந்த முட்டை குறைந்துபோனவர்களுக்கும், கடுமையான பரம்பரை நோய் சந்ததிக்குச் செல்லாமல் தடுக்க விரும்புகிறவர்களுக்கும் இது சிபாரிசு செய்யப்படுகிறது. வெற்றி வாய்ப்பை நிர்ணயிப்பது பெரும்பாலும் முட்டை கொடுத்தவளின் வயதே என்பது உண்மை. ஆனால் சுமப்பவளின் வயதும் உடல்நிலையும் மறைந்துபோவதில்லை. டோனர் முட்டையால் உண்டான கர்ப்பத்தில் ரத்த அழுத்தமும் அதையொட்டிய உபத்திரவங்களும் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை, கையொப்பம் வாங்குவதற்கு முன்பே டாக்டர் விளக்கியாக வேண்டும். இரட்டைக் குழந்தை கிடைத்தால் ஒரே செலவில் முடிந்துவிடுமே என்று கணக்குப் போடுகிறவர்கள், அந்த உபத்திரவம் அதனால் மேலும் பெருகும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

சட்டம் விதித்திருக்கும் அளவுகள் கண்டிப்பானவை. முட்டை கொடுப்பவள் 23 வயதுக்கும் 35 வயதுக்கும் உட்பட்டவளாக இருக்க வேண்டும். தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது. ஒருத்தியின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கலாகாது. சிகிச்சை பெறும் பெண் 21 வயதைக் கடந்தவளாகவும் 50-க்குக் குறைந்தவளாகவும், புருஷன் 55-க்குக் குறைந்தவனாகவும் இருக்க வேண்டும். ஏழு என்ற இந்த வரம்பைப் பற்றி வைத்தியர்கள் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமலில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்ட சினைப்பை, எண்ணிப் பார்த்து ஏழோடு நிறுத்திக்கொள்வதில்லை. எடுத்த ஏழிலும் சில முதிராதவையாக இருக்கும், சில கருவாகாமலே போகும், கடைசியில் இரண்டோ மூன்றோ கருக்கள் மிஞ்சினால் அதுவே பெரிது. ஆகவே முதல் தடவையிலேயே பலிக்கும் என்று யாராவது உறுதி கூறினால், அவ்வுறுதியை எழுத்தில் கேட்பது போதும். உறுதி அங்கேயே கரைந்துவிடும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் ஈரோட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஜூன் மாதத்தில் அங்கே வெளிப்பட்ட வழக்கில், பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியிடமிருந்து எட்டு முறை கருமுட்டை எடுக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவளுடைய தாயும், தாயின் துணைவனும், தரகுப் பெண்ணும், ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிப் போலியாகத் தயாரித்துக் கொடுத்தவனும் கைது செய்யப்பட்டார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தாய்க்கு 20,000 ரூபாயும் தரகுக்கு 5,000 ரூபாயும் என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளோடு ஆந்திரம், கேரளம் வரையிலும் விசாரணை நீண்டது. அந்த முட்டைகளுக்காகப் பணம் கட்டிய தம்பதிகள் எவரும் அவள் ஒரு குழந்தை என்று அறிந்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அறியாமையை வசதியாக்கித் தருவதுதானே தரகரின் தொழில்! அபாயமும் கற்பனையன்று. அளவு கடந்து தூண்டப்பட்ட சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்தம் உறையும் நிலை வரை செல்லக்கூடும். 2010-இல் மும்பையில் மூன்றாம் முறை முட்டை கொடுத்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு நாட்களுக்குள் இறந்துபோனாள்.

இதனால்தான் முட்டை கொடுப்பவளுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தரும் கடமையைச் சட்டம் தம்பதியின்மீதே சுமத்துகிறது. இக்கடமையைச் செலவாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் உபயோகத்தைக் காணத் தவறுகிறார்கள். டோனரின் பெயர் ரகசியமாகவே இருக்கும். அவள் வயதைத் தம்பதி நேரே சோதிக்க வழியில்லை. ஆனால் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும் இடத்தில், பாலிசி எடுக்கத்தக்க டோனர் ஒருத்தி உண்மையில் இருக்கிறாளா என்று சந்தேகிக்கத் தம்பதிக்குப் பூரண உரிமை உண்டு. பெயரை மறைத்தாவது பாலிசி நகலையும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் பரிசோதனை முடிவுகளையும், வங்கியின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கிளினிக்கும் வங்கியும் பதிவு பெற்றவையா என்பதைத் தேசியப் பதிவகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

தங்கையின் முட்டையைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. புதுச் சட்டம் வருமுன் அக்காளுக்காகத் தங்கை முட்டை கொடுக்க, வாடகைத் தாய் மூலம் 2019-இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பின்னர் தம்பதி பிரிந்தபோது, முட்டை கொடுத்த மைத்துனியே குழந்தைகளின் தாய் என்று கணவர் வாதாடி, அக்காளுக்குக் குழந்தைகளைக் காட்டவும் மறுத்தார். 2024 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம், முட்டை கொடுத்ததனால் மட்டும் ஒருத்திக்குத் தாயென்ற சட்ட பாத்தியதை எதுவும் உண்டாகாது என்று தீர்ப்பளித்து, குழந்தைகளைச் சந்திக்கும் உரிமையை அக்காளுக்கு வழங்கியது. இன்றைய சட்டமோ இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லுகிறது: குழந்தை சொத்துரிமை உட்பட எல்லா வகையிலும் தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும், டோனருக்கு எந்த உரிமையும் இல்லை. பாசம் அடர்ந்த இடத்திலேயே வழக்கும் முளைக்கிறது என்பதால், அறிமுகமற்ற டோனரை வற்புறுத்தும் ஏற்பாட்டை நான் கொடுமையென்று சொல்லமாட்டேன்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் இங்கே கணிசமாக வசிக்கிறார்கள். பிரான்சில் 2022 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, குழந்தை பதினெட்டு வயது அடைந்தபின் விரும்பினால் டோனரின் அடையாளத்தை அறியலாம் என்று சம்மதிக்கிறவரே டோனராக முடியும்; இந்தியாவிலோ விவரங்கள் மறைவாகவே காக்கப்படுகின்றன. டோனர் முட்டையோடு வாடகைத் தாயையும் நாடினால், அந்த ஒப்பந்தம் பிரெஞ்சுச் சட்டத்தில் செல்லாது. ஆகவே அக்குடும்பத்தினர் சிகிச்சை தொடங்குமுன் தூதரகத்திலும் வழக்கறிஞரிடத்திலும் கேட்டறியட்டும்.

சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டபின்னும், கருவைக் கருப்பையில் வைக்கும்வரை தம்பதி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். குறை நேர்ந்தால் முதலில் கிளினிக்கின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார் செய்து, நகலுக்கு ஒப்புகை பெற வேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுப்பது டாக்டரின் கடமை. தரகு, முட்டை விற்பனை, ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்துத் தருவதாக ஆசை காட்டுதல் ஆகியவற்றை யூனியன் பிரதேச அதிகாரிகளிடம் தெரிவிக்கலாம். விற்பனைக்கு முதல் தடவை ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை அபராதம், மீண்டும் செய்தால் மூன்றிலிருந்து எட்டு வருஷச் சிறை. பணம் கட்டிச் சேவையில் குறைபாடு கண்டவர்கள் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும், 2019-ஆம் வருஷ நுகர்வோர் சட்டப்படி தாம் வசிக்கும் புதுச்சேரியிலேயே மனுக் கொடுக்கலாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி உண்டு. மனைவியின் பெயரில் விண்ணப்பித்தால் வக்கீல் கட்டணம் தடையாகாது.