வீட்டுப் பலகாரம் விற்கும் தாய்மார்களுக்கு



நமது ஜவ்வாது மலையில் சாமைக்கும் தேனுக்கும் குறைவில்லை. சாமை முறுக்கு, கடலை உருண்டை செய்து விற்றால் நாலு காசு கிடைக்கும். பிள்ளைகள் படிப்புக்கு ஆகும். நல்ல காரியந்தான். ஆனால், "நம்ம வீட்டு அடுப்புதானே, இதுக்கு என்ன சட்டம்?" என்று இருந்துவிடாதீர்கள். விற்ற பண்டம் எந்தக் குழந்தையின் வாய்க்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

பதிவு செய்ய வேண்டுமா?

ஆம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் உண்டு. சிறிய அளவில் செய்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள், வழி சொல்வார். பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தின் மேல் போடுங்கள். பண்டத்தின் பெயர், சேர்மானம், எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் விலாசம் ஆகியவையும் இருக்கட்டும்.

சமையலில் என்ன கவனிக்க வேண்டும்?

1. குடிக்கத் தகுந்த நீரில்தான் மாவு பிசைய வேண்டும். சந்தேகமிருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள்.

2. மலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிய பின்னும், மாவில் கை வைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3. கோழி, ஆடு, நாய் சமையலறைக்குள் வரக்கூடாது.

4. பூஞ்சணம் பிடித்த கடலையைத் தள்ளிவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முழுதும் போகாது.

5. கறுத்துப்போன எண்ணெயில் மறுபடி சுடாதீர்கள்.

6. தேன் விற்கும்போது, ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாமென்று சொல்லி விற்றுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும்.

உடம்பு சரியில்லாத நாளில்?

இதுதான் முக்கியம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் விற்பனைக்குச் சமைக்காதீர்கள். நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுங்கள். உடம்பு தேறியது போல் தோன்றினாலும் கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். கை வழியாகப் பலகாரத்தில் ஏறும். "ஆர்டர் போயிடுமே" என்று தோன்றும். உண்மைதான், அன்றைய வரும்படி போகும். அதை நாளை சம்பாதித்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போகும் குழந்தையின் உயிரை அப்படித் திரும்பப் பெற முடியுமா?

உங்கள் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடியதையே பிறர் பிள்ளைக்கும் விற்பீர்!