தொட்டால் முடியும் ஓட்டம்



காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டு ஒரு சிற்றூர். 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழாய்வு நடத்தியபோது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்தன. இன்றோ அவ்வூரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். வைகறை வேளையில் அங்குள்ள சாலைகளில் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் வெளியே வருகின்றன. காலை ஷிப்டுக்கு உரியவர்களுடன் வேறு பேருந்துகள் உள்ளே செல்கின்றன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்குகிறார். இயந்திரம் நிற்பதில்லை. இதுவும் ஒருவகைத் தொடர் ஓட்டமே.

இந்த வட்டாரத்தில் ஆலை நடத்தும் நிறுவனங்களுள் ஜப்பானிய நிறுவனங்களும் பல உண்டு. அந்த ஜப்பான் நாட்டில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்களுக்கென ஓட்டக் குழுக்களை வைத்துப் பேணி வருகின்றன. புத்தாண்டு நாளில் நிறுவனக் குழுக்கள் போட்டியிடுகின்றன. அடுத்து வரும் ஜனவரி 2, 3 ஆகிய இரு நாள்களில் பல்கலைக்கழகக் குழுக்கள் தோக்கியோ நகரிலிருந்து ஹகோனே மலைக்கு ஓடி, மறுநாள் திரும்பி வருகின்றன. இந்த மலைத் தொடர் ஓட்டத்தைக் காண அந்நாட்டுக் குடும்பங்கள் ஆண்டுதோறும் தொலைக்காட்சியின் முன் கூடிவிடுகின்றன. அதைப் பற்றி நம் குடும்பங்களும் அறிந்துகொள்வது நன்று என்று கருதுகிறோம். வெற்றி எப்படி ஈட்டப்படுகிறது என்பதை மட்டுமன்று, ஓடுகிறவனை எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பதையும் அந்தப் பந்தயம் நமக்குச் சொல்லித் தருகிறது.

அஞ்சலும் ஓட்டமும்

இத்தகைய பந்தயத்துக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘எகிடென்’. ‘எகி’ என்பது வழியில் உள்ள தங்குநிலையம். ‘டென்’ என்பது கொண்டு சேர்த்தல். பண்டைய நாளில் அரசாங்கச் செய்திகளை நிலையத்துக்கு நிலையம் குதிரைகளை மாற்றிக் கொண்டு சென்ற முறையிலிருந்து பிறந்த சொல் அது. நம் தமிழிலும் தொடர் ஓட்டத்தை ‘அஞ்சலோட்டம்’ என்று வழங்குகிறோம் அல்லவா? திருவிதாங்கூர் அரசு ‘அஞ்சல்’ என்ற பெயரிலேயே தனக்கெனத் தபால் துறை நடத்தி வந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. மணிகள் கட்டிய கோலை ஏந்திக்கொண்டு அஞ்சல்காரர் ஓடுவார். மணியோசை கேட்டதும் வழியில் செல்வோர் ஒதுங்கி நிற்பர். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்து முதியவர்கள் சிலருக்கு இது நினைவிருக்கக்கூடும். கடல் கடந்த இரு நாடுகளில் ஒரே தொழிலிலிருந்து ஒரே விளையாட்டுக்குப் பெயர் பிறந்திருப்பது வியப்புக்குரியது.

ஜப்பானின் முதல் எகிடென் 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை நடைபெற்றது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர்த் தொலைவை 23 கட்டங்களாகப் பிரித்து மூன்று நாள்கள் ஓடினர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1920 பிப்ரவரி 14-ஆம் நாள், ஹகோனே மலைப் பந்தயம் தொடங்கிற்று. நான்கே கல்லூரிகள் கலந்துகொண்டன. பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டவர்கள் மலையை அடையும்போது இருள் சூழ்ந்துவிட்டது. அவ்வூர் இளைஞர்கள் தீப்பந்தங்களைப் பிடித்து வழிகாட்டினார்கள்.

விழுந்தவர் தொடங்கிய பந்தயம்

இப்பந்தயம் உருவாகக் காரணமானவர்களுள் முதன்மையானவர் கனகுரி ஷிஸோ. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முதலாகப் பங்கேற்றது. அனுப்பப்பட்ட வீரர்கள் இருவரே. அவர்களுள் மாரத்தான் ஓடியவர் கனகுரி. அன்று வெயில் கொளுத்திற்று. ஓடத் தொடங்கியவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் முடிக்கவில்லை. கனகுரியும் வழியில் மயங்கித் தடுமாறினார். சாலையோரத்து வீடொன்றில் இருந்தவர்கள் அவரைத் தம் தோட்டத்துக்குள் அழைத்து, பருகக் கொடுத்து, இளைப்பாற வைத்தார்கள். அவர் மீண்டும் ஓடவில்லை. அதிகாரிகளிடம் தெரிவிக்காமல் வெட்கத்தோடு ஊர் திரும்பினார். ‘காணாமற்போனவர்’ என்றே அவரைக் குறிப்பிட்டு வந்தார்கள்.

அதே பந்தயத்தில் ஓடியவர் போர்த்துக்கல் நாட்டு இளைஞர் பிரான்சிஸ்கோ லாசரோ. அவரும் வெப்பத்தால் தாக்குண்டார். ஆனால் அவரை எவரும் வீட்டுக்குள் அழைக்கவில்லை. அவர் ஓடிக்கொண்டே இருந்தார். சுமார் 30-ஆவது கிலோமீட்டரில் வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். தற்கால ஒலிம்பிக் போட்டியில் ஓடி உயிரிழந்த முதல் வீரர் அவரே.

தோட்டத்தில் நிறுத்தப்பட்ட கனகுரியோ 92 வயது வரை வாழ்ந்து 1983-இல் மறைந்தார். ஆசிரியராக இருந்து பல தலைமுறை ஓட்டக்காரர்களை உருவாக்கினார். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே ஓடிக் கடக்கும் பெருங்கனவு ஒன்று அவருக்கு இருந்தது. அங்குள்ள ராக்கி மலைகளைக் கடக்க வேண்டுமானால் ஜப்பானிய இளைஞர்கள் மலையேறிப் பழக வேண்டும் என்றே ஹகோனேயைத் தெரிந்தெடுத்தார்கள். 1967-இல் ஸ்வீடன் நாட்டவர் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தனர். 75 வயது முதியவராக எல்லைக்கோட்டைக் கடந்தார். 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாள்கள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி என்று அறிவித்தார்கள். நெடும் பயணமாகத்தான் இருந்தது. இடையில் திருமணமும் ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் வாய்த்தார்கள் என்னும் பொருள்பட அவர் நகைச்சுவையோடு பேசியதாகச் சொல்வார்கள்.

அந்த வீட்டார் கதவை மூடியிருந்தால்? அந்தப் பிள்ளைகளும் இல்லை. ஹகோனே ஓட்டமும் இல்லை.

ஐந்தாம் கட்டம்

இன்றைய பந்தயத்தில் ஒரு குழுவுக்குப் பதின்மர். முதல் நாள் ஐவர் 107.5 கிலோமீட்டர் ஓடி அஷி ஏரியை அடைவர். இரண்டாம் நாள் வேறு ஐவர் 109.6 கிலோமீட்டர் ஓடித் தோக்கியோ திரும்புவர். எல்லாவற்றிலும் கடுமையானது ஐந்தாம் கட்டம். கடலோர நகரமான ஒடவாராவிலிருந்து 20.8 கிலோமீட்டர். திருப்பெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இடையேயுள்ள சாலையின் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்து மலைமீது சாய்த்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். கொல்லிமலைப் பாதையைப் போன்ற கொண்டை ஊசி வளைவுகள். உச்சி 874 மீட்டர். ஜனவரி மாதத்துக் குளிர்காற்று. இத்தொலைவைச் சிறந்த மாணவர்கள் ஏறத்தாழ 70 நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள்.

இங்கே பெரும் பெயர் பெற்றவர்களை ‘மலைத் தேவன்’ என்றே மக்கள் அழைக்கின்றனர். தோயோ பல்கலைக்கழக மாணவர் கஷிவபாரா ரியூஜி 2009 முதல் 2012 வரை நான்கு ஆண்டுகளும் இக்கட்டத்தில் முதலிடம் பெற்றார். அவர் புக்குஷிமா மாநிலத்தவர். 2011-இல் அம்மாநிலம் நிலநடுக்கத்தாலும் கடல்கோளாலும் அணு உலை விபத்தாலும் சீரழிந்தது. அடுத்த ஜனவரியில் வென்றபோது, நான் வருந்துவது ஒரு மணி நேரம்தான், என் ஊர் மக்கள் படும் துன்பத்துக்கு அது ஈடாகாது என்ற கருத்தை வெளியிட்டார்.

ஓடுகிறவர் கையில் கோல் இல்லை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு துணிப்பட்டை அணிந்திருப்பார். அதற்குத் ‘தசுகி’ என்று பெயர். நிலையத்தில் காத்திருக்கும் தோழனுக்கு அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். முன்னவர் வியர்வையால் நனைந்த அதே பட்டையைப் பின்னவர் அணிகிறார். முதற்குழு கடந்துசென்ற 10 அல்லது 20 நிமிடத்துக்குள் வந்துசேராத குழுவின் அடுத்த வீரர், பட்டைக்குக் காத்திராமல் வேறொன்றை அணிந்து புறப்பட்டாக வேண்டும். ஓடி வருகிறவர் கண்ணெதிரே தோழன் சென்றுவிடுவதுண்டு. கொடுக்க முடியாத பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அழும் இளைஞரை ஆண்டுதோறும் காண்கிறோம்.

பயிற்சியாளரின் கை

ஓடுகிறவரைப் பின்தொடர்ந்து ஒரு காரில் பயிற்சியாளர் வருகிறார். ஒலிபெருக்கி வழியே ஊக்கமூட்டலாம், எச்சரிக்கலாம். ஆனால் அவர் ஓடுகிறவரைக் கையால் தாங்கிப் பிடித்துவிட்டால் குழுவின் பந்தயம் அத்துடன் முடிந்தது. பதின்மர் ஓராண்டு பட்ட பாடும் அந்த ஒரு தொடுதலில் முடிந்துவிடும்.

2007-இல் வெற்றி வாகை சூடிய குழு ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தினுடையது. அடுத்த ஆண்டு அதே குழுவின் ஐந்தாம் கட்ட மாணவர், மலையை ஏறிக் கடந்து, ஏரிக்கரை எல்லைக்கு ஏறத்தாழ 500 மீட்டர் இருக்கையில் கால் துவண்டு விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். இன்னும் சில நிமிடங்கள் போதும். எனினும் அங்கேயே அவருடைய ஓட்டம் நிறுத்தப்பட்டது. முந்தைய ஆண்டின் வாகையர் பட்டியலிலேயே இல்லை.

மறுநாள் என்ன நடக்கும்? விதிகளின்படி, முதல் நாள் விலகிய குழுவின் மற்ற ஐவரும் இரண்டாம் நாள் ஓடலாம். ஆனால் அவர்கள் எடுத்த நேரம் தரவரிசையில் சேராது. பயன் ஏதும் இல்லையென்று தெரிந்தும் அவர்கள் ஓடுகிறார்கள். விழுந்தவனைக் குற்றவாளியாக்காமல் அவன் பொருட்டு ஓடுவதும் குழுவின் கடமை அன்றோ?

கை நீட்டத் தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் ஜப்பான் கண்டது. 2018 அக்டோபரில், நிறுவன மகளிர் அணிகளுக்கான தகுதிப் போட்டி ஒன்றில், இருபது வயதும் நிரம்பாத ஒரு பெண்ணுக்குக் காலில் எலும்பு முறிந்தது. அவர் நிற்கவில்லை. 200 மீட்டருக்கும் மேல் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து, குருதி வழியப் பட்டையைத் தோழியிடம் சேர்த்தார். நிறுத்திவிடுங்கள் என்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார். ஆனால் செய்தி உரிய நேரத்தில் களத்துக்குச் சென்றடையவில்லை. வீரச் செயல் என்று ஒரு சாராரும், பெரியவர்கள் தடுத்திருக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். அப்பெண்ணின் உறுதியை எவரும் குறை கூறவில்லை. அருகில் நின்றவர்களைப் பற்றியதே அவ்வழக்கு.

நம் இல்லங்களில்

இப்பொழுது வடக்குப்பட்டுப் பக்கம் திரும்புவோம். அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களுள் எத்தனையோ பேரின் தோளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டை கிடக்கிறது. தம்பியின் கல்லூரிக் கட்டணம், தந்தையின் கடன், தங்கையின் திருமணம்! பாட்டி வயலில் ஓடிய ஓட்டத்தை மகன் ஆலையில் ஓடுகிறார். பேத்தி கல்லூரியில் தொடர்கிறாள். நம் குடும்பங்கள் முன்னேறியது இவ்வாறுதான். இதில் இழிவு ஏதுமில்லை, பெருமையே உண்டு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளை தடுமாறும்போது நாம் என்ன செய்கிறோம்? பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் உறக்கமின்றிச் சோற்றை வெறுக்கிறான். “இன்னும் இரண்டே மாதம், பல்லைக் கடித்துக்கொள்” என்கிறோம். வேலைக்குச் சென்ற மகள் தொலைபேசியில் குரல் உடைந்து பேசுகிறாள். “கடன் முடியும்வரை பொறுத்துக்கொள், அம்மா” என்கிறோம். எல்லை 500 மீட்டர்தானே என்ற கணக்கு நமக்கும் உண்டு. தொட்டுவிட்டால் குடும்பத்தின் ஓட்டம் நின்றுவிடுமோ, ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிக் கையைக் கட்டிக்கொள்கிறோம்.

எப்பொழுது தொட வேண்டும்? ஓடுகளத்தைப் பொறுத்தமட்டில் மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். வெயிலில் ஓடுகிறவனோ உழைக்கிறவனோ நேராக நடக்க முடியாமல் தள்ளாடினால், கேட்ட கேள்விக்குப் பொருத்தமின்றி விடை கூறினால், மயங்கினால், அதுவே நிறுத்தும் வேளை. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்தால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது. பங்கின் விளையாட்டு விழாக்களிலும், நெடுந்தொலைவு நடைபயணங்களிலும் இதை அறிந்த ஒருவரேனும் உடனிருப்பது நலம்.

உள்ளத்தின் தடுமாற்றத்துக்கும் அடையாளங்கள் உண்டு. நாள்கணக்கில் உறக்கமின்மை, பேச்சு குறைதல், விரும்பியவற்றிலும் நாட்டமின்மை, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற சொல். இவற்றுள் கடைசிச் சொல்லைக் கேட்ட பின்பும் அறிவுரை கூறிக்கொண்டிருக்கலாகாது. அன்றே பேருந்து ஏறிச் சென்று பிள்ளையின் தோளில் கை வைக்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தேர்வை அடுத்த ஆண்டு எழுதலாம். கடனுக்கு வேறு வழி காணலாம்.

ஸ்டாக்ஹோமில் அந்தத் தோட்டத்து வீட்டார் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. களைத்து வந்த ஒருவருக்குப் பருகக் கொடுத்து உட்கார வைத்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து இன்று நம் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையிடம், எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்குமுன், சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேட்டுப் பார்ப்போம்.