நிறுத்தச் சொல்ல என்ன கூச்சம்?

கோவையிலிருந்து குன்னூருக்கு, கணவருடன் பைக்கில் அடிக்கடி போவேன். வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று பயந்து, தண்ணீரே குடிக்க மாட்டேன். விளைவு, நீர்க்கடுப்பு! 'தாகத்தை அடக்கலாமாம்மா?' என்று டாக்டர் கடிந்து கொண்டார்.

இப்போதெல்லாம் மேட்டுப்பாளையத்தில் முதல் நிறுத்தம். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று எல்லாமே இலவசம், தயங்காமல் கேளுங்கள். பிறகு, குடும்பத்தோடு ஆட்கள் சாப்பிடும் ஓட்டலாகப் பார்த்து, ஆவி பறக்கும் இட்லி மட்டும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும். அடுத்து, பர்லியாறில் சூடாக டீ. சீசனில் மங்குஸ்தான் பழம். பத்து நிமிடம் நடந்தால், இடுப்பு வலியும் குறையும்.

'வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க'ன்னு சொல்ல என்ன கூச்சம், தோழியரே?

— ஒரு வாசகி, கோவை.