மணி வாடகையின் கணிதம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்தில் காத்து நிற்கும் ஜேசிபி இயந்திரத்துக்கு ஒரு மணி வாடகை இவ்வளவா என்று வீடு கட்டுவோர் மலைப்பதுண்டு. ஆயினும் டீசலும் ஓட்டுநரின் சம்பளமும் பேட்டாவும் போக, கண்ணுக்குப் புலப்படாத வேறு செலவுகளும் அத்தொகையில் அடங்கியிருப்பதை நாம் யோசிப்பதில்லை.

உதாரணமாக, 30 லட்ச ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் 10,000 மணி நேரம் உழைத்தபின் 10 லட்சத்துக்கு விலைபோகுமென்று கொள்வோமானால், அது உழைக்கும் ஒவ்வொரு மணியிலும் 200 ரூபாய் தேய்ந்து மறைகிறது. இது உழைப்பதால் வரும் நஷ்டம். சும்மா நிற்பதால் வருவதோ இதனினும் கொடியது. வட்டி, காப்பீடு, நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு வருஷம் 3 லட்சம் ஆகுமெனில், 2,000 மணி ஓடும் வண்டிக்கு அது மணிக்கு 150 ரூபாய். 600 மணி மாத்திரம் ஓடும் வண்டிக்கோ 500 ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை ஆவடிப் பக்கத்து மனைகளைச் சேறாக்கி வேலையை நிறுத்தும்போது, கடன் தவணை மட்டும் நிற்பதில்லை.

1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாடகைக் கிரேனைக் கௌரவக் குறைவாகக் கருதிச் சொந்தமாக வாங்க விரும்பும் சிறுபட்டறைக்காரர், வருஷத்தில் எத்தனை மணி அது தமக்குத் தேவைப்படும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும். வருமான வரியில் பொதுவான இயந்திரங்களுக்குக் கிடைக்கும் 15 சதவீதத் தேய்மானக் கழிவு ஓர் ஆறுதல்தான். ஆனால் தொழிலுக்காகக் கொடுக்கும் வாடகையும் செலவாகக் கழிவதே. வாடகைக்கு எடுப்பவரோ, டீசல் யாருடையது, குறைந்தபட்சம் எத்தனை மணிக்குப் பணம், வண்டி வந்துபோகும் நேரமும் கணக்கில் சேருமா என்பவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்வது உசிதம்.