தொட்டால் சுடாத குழாய்

சிட்னி, மெல்பர்ன் புறநகர்களில் கொல்லையில் நீச்சல்குளம் வைத்திருக்கும் வீடுகள் பலவற்றின் கூரையில், ஓடுகளின் மேல் கரிய ரப்பர் பாய் ஒன்றை விரித்து ஒட்டியிருப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அது பாய் இல்லை. விரல் தடிமன்கூட இல்லாத குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக ஓடும். கண்ணாடி மூடி கிடையாது, செம்புத் தகடு கிடையாது. நம்மூர் மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, யாரோ வேலையைப் பாதியில் விட்டுப் போனதுபோலத் தோன்றும். அங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்பதால், பாயும் கூரையின் வடக்குச் சரிவில்தான் கிடக்கும்.

இந்தக் குழாய்களைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நல்ல வெயிலில், பம்பு ஓடும்போது தொட்டுப் பார்க்க வேண்டும். கைக்குக் குளுமையாக இருந்தால் எல்லாம் சரி. சுட்டால் கோளாறு; எங்கோ தண்ணீர் ஓட்டம் தடைபட்டிருக்கிறது.

சூடேற்றும் கருவி சூடாக இருக்கக் கூடாது என்பது முரணாகப் படலாம். ஆனால் வெயிலில் கிடக்கும் எந்தப் பொருளும் சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு சூடாகிறதோ, அந்த அளவுக்கு வெப்பத்தைக் காற்றிடம் இழக்கும். குளியலறைக்கு 60 டிகிரி வெந்நீர் தேவை. அந்தச் சூட்டைக் காற்று பறித்துக்கொண்டு போகாமலிருக்கக் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கண்ணாடியோ, விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தானே தடுத்துவிடும். நீச்சல்குளத்துக்கு 28 டிகிரி போதும். எனவே தண்ணீரை வேகமாக ஓட்டி, ஒரு சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து டிகிரி மட்டும் ஏற்றிக் குளத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். குழாயின் சூடு காற்றின் சூட்டை ஒட்டியே இருப்பதால் இழப்பு குறைவு. இந்த ஒரு வேலையில், கண்ணாடி போட்ட விலையுயர்ந்த தகட்டை இந்த ரப்பர் சாதாரணமாகத் தோற்கடித்துவிடும். 28 டிகிரித் தண்ணீருக்காக ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் எரிவாயுத் தீயை மூட்டுவது எவ்வளவு வீண் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

யோசனை புதிதல்ல. 1969-இல் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமன் ஃபோர்டு என்பவர் ஃபாஃப்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, குளங்களுக்கான பிளாஸ்டிக் சூரியத் தகடுகளை விற்க ஆரம்பித்தார். நான்கே ஆண்டுகளில் எண்ணெய் நெருக்கடி வந்து அவருக்குக் கைகொடுத்தது.

மற்ற ஏற்பாடுகளும் எளியவைதான். கூரையில் ஒரு உணரி, குளத்து நீரில் ஒரு உணரி. கூரை சில டிகிரி கூடுதலாகக் காய்ந்ததும் பம்பு தானாக ஓடும். மேகம் மறைத்தால் நிற்கும். பம்பு நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். காலையில் மறுபடி ஓடும்போது, உள்ளே நிரம்பியிருந்த காற்று குளத்தில் குமிழி குமிழியாக வெளியேறும். புதிதாக மாட்டியவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவதுண்டு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: காக்கட்டூ கிளிகள். மஞ்சள் கொண்டை வைத்த அந்த வெள்ளைக் கிளிகளுக்கு ரப்பரைக் கடித்துக் கிழிப்பது பொழுதுபோக்கு. கூரையில் வலை கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இனி கணக்கு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் பிடிக்கும். அதை ஒரு டிகிரி சூடாக்க 56 யூனிட் வெப்பம் தேவை. குளத்தின் பரப்பளவுக்குச் சமமாக, 32 சதுர மீட்டர் குழாய்ப் பாய் விரித்தால், தெளிவான வெயில் நாளில் சுமார் 100 யூனிட் கிடைக்கும். அதாவது இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. பம்பு ஓடச் செலவாகும் நான்கைந்து யூனிட் இதன் முன் சில்லறை. அப்படியானால் ஒரே வாரத்தில் தண்ணீர் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிட வேண்டுமே? ஏறாது.

காரணம் ஆவியாதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், மிச்சமிருக்கும் தண்ணீரில் 580 லிட்டரை ஒரு டிகிரி குளிர வைக்கப் போதும். வறண்ட காற்றடிக்கும் ஒரு நாளில் குளத்தின் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த 5 மில்லிமீட்டர் என்பது 160 லிட்டர். அது எடுத்துப்போவது 108 யூனிட் வெப்பம். கூரை பகலெல்லாம் சம்பாதித்ததற்கு மேலேயே செலவு. சுவர் வழியாகவும் தரை வழியாகவும் போவது இதில் சிறு பங்குதான்.

விஷயம் அதோடு முடியவில்லை. கூரையில் விரித்த பாயைவிட அதிக வெப்பம் சேர்க்கும் சூரியத் தகடு அந்த வீட்டிலேயே இருக்கிறது: குளம். நீர்ப்பரப்பில் விழும் வெயிலில் 75 முதல் 85 சதவீதத்தைக் குளம் அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. அதே 32 சதுர மீட்டரில், அதே வெயிலில், பைசா செலவில்லாமல் 130, 140 யூனிட் வரும். குளத்துக்கு வரவில் குறையே இல்லை. திறந்து கிடக்கும் மேற்பரப்புதான் ஓட்டை. காற்றுக் குமிழிகள் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டால், ஒளி ஊடுருவும் ரகமாக இருக்கும் பட்சத்தில், வெயிலில் 5 முதல் 15 சதவீதத்தைத்தான் தடுக்கும். ஆனால் சூடாக்கும் செலவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கூரைக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்துவிட்டு, விரிப்பைச் சுருட்டி மூலையில் போட்டு வைப்பவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. சுருட்டவும் விரிக்கவும் சோம்பல், வேறொன்றுமில்லை.

சோம்பேறிகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் பரவி நிற்கும் கொழுப்பு ஆல்கஹால் படலம் ஆவியாதலைக் குறைக்கும். 1950-களில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர் மேன்ஸ்ஃபீல்ட் நீர்த்தேக்கங்களைக் காப்பாற்ற இதை ஆராய்ந்தார். காற்று அந்தப் படலத்தைக் கரைக்கு ஒதுக்கிவிடும் என்பதே பெரிய தொல்லை. கொல்லைக் குளத்தில் அந்தத் தொல்லை குறைவு என்பதால், ‘திரவ மூடி’ என்று புட்டியில் அடைத்து விற்கிறார்கள். பிளாஸ்டிக் விரிப்புக்கு ஈடாகாது. ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலாம்.

இப்போது ரப்பர் பாய்க்குப் போட்டி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய மூன்று வீடுகளில் ஒன்றின் கூரையில் மின்சாரம் தரும் சோலார் பேனல் உண்டு. வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே பேனல் மின்சாரமாக்கும். ஆனால் அந்த மின்சாரத்தை ஹீட் பம்புக்குக் கொடுத்தால், ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல, அது வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து ஒரு யூனிட்டுக்கு ஐந்து யூனிட் வரை குளத்தில் சேர்க்கும். பேனல் ஏற்கெனவே இருந்து, நண்பகல் மின்சாரத்தை மின் நிறுவனம் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளும் வீட்டில், ஹீட் பம்பு நியாயமான தேர்வு. கிளித் தொல்லையும் இல்லை. பேனல் இல்லாத வீட்டில் குழாய்ப் பாயே மலிவு. இரண்டிலும் முதல் செலவு விரிப்புக்குத்தான் போக வேண்டும்.

குழாய்ப் பாயிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் போன்ற பாலைவன நகரங்களில், நடுக்கோடையில் குளத்துத் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாகிக் குளிக்கவே பிடிக்காமல் போய்விடும். அங்கே பம்பைப் பகலில் நிறுத்திவிட்டு இரவில் ஓட்டுகிறார்கள். மேகமில்லாத வானத்தை நோக்கிக் குழாய்கள் வெப்பத்தைக் கதிர்களாக வெளியேற்ற, தண்ணீர் குளிர்ந்து திரும்புகிறது. கண்ணாடி மூடிய தகடு இந்த வேலைக்கு ஆகாது.