இல்லத்து மின்பலகையில் இருவகை அழுத்தம்

மாடியிலுள்ள நீர்த்தொட்டி நிரம்பியதும் தானே நின்று, நீர் குறைந்ததும் தானே ஓடத் தொடங்கும் மோட்டார் இந்நாளில் பல இல்லங்களில் அமைந்துள்ளது. அதனை ஆளும் சிறு பெட்டி செம்மையாகச் செய்யப்பட்டதாயின், அதனுள் இருவகை மின்னழுத்தங்கள் ஒருங்கே குடியிருக்கும். மோட்டாரை ஓட்டுவது 230 வோல்ட்டு. தொட்டியில் நீர்மட்டத்தை அறிவிக்கும் மிதவைச் சுவிட்சுக்குச் செல்வது 12 வோல்ட்டு. இவ்விரண்டையும் ஒரு பெட்டியிற் கேடின்றி அமைப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

230 வோல்ட்டுக் கம்பியை யாவரும் அஞ்சி விலகுவர். 12 வோல்ட்டுக் கம்பியை அஞ்சுவார் எவருமிலர். தொட்டி கழுவ இறங்குவோர் ஈரக்கையாலேயே அதனை ஒதுக்குவர். பெட்டியினுள் பெரிய அழுத்தத்தின் கம்பியிழையொன்று நழுவி இதன்மேற் படுமாயின், அவ்வச்சமின்மையே உயிர்க்கு இறுதியாகக்கூடும். ஆதலின் பலகை அமைப்போன் பெரிதும் காக்கவேண்டுவது சிறிய கம்பியையே என்பது எம் துணிபு.

சொல்லொன்றும் நம்மை மயக்குவதுண்டு. பொறியியலார் வழக்கில் 'தாழ்ந்த அழுத்தம்' என்பது மாறுமின்னோட்டத்தில் 1000 வோல்ட்டு வரை செல்வதாம். வீட்டின் 230 வோல்ட்டும் அதனுள் அடங்கும். 50 வோல்ட்டிற்கு மேற்படாததையே அவர் 'மிகத் தாழ்ந்த அழுத்தம்' என்பர். 'மிக' என்னும் ஒரு சொல்லின் பயனைத் தமிழ் பயில்வோர் இதனினும் தெளிவாகக் காண்டல் அரிது.

நிற்க. பெட்டியை இடைத்தடுப்பொன்றால் இரு பகுதியாக்குதல் வேண்டும். ஒருபால் எம்.ஸி.பி., ஆர்.ஸி.ஸி.பி., காண்டாக்டர் ஆகியன; மறுபால் 12 வோல்ட்டு டெர்மினல்கள். கம்பிகள் நுழையும் வாயில்களும் வெவ்வேறாதல் நன்று. இருவகைக் கம்பியும் ஒரே குழாய்வழிச் செல்ல நேரின், சிறியதன் உறையும் 230 வோல்ட்டைத் தாங்க வல்லதாயிருத்தல் வேண்டும். அழைப்புமணிக்குரிய மெல்லிய கம்பி ஈண்டு உதவாது. இழைகள் பிரிந்து நீட்டி நில்லாதவாறு நுனிதோறும் லக் பொருத்துதலும் வேண்டும்.

தடுப்பின் இருபுறத்தையும் தொட்டு நிற்பன இரண்டே: அழுத்தத்தைக் குறைக்கும் கருவி ஒன்று, ரிலே மற்றொன்று. முன்னதில் 230 வோல்ட்டுச் சுருளும் 12 வோல்ட்டுச் சுருளும் தொடர்பற்று, வலிய காப்புடன் தனித்தனியே இருத்தல் வேண்டும். மலிவான சில சுற்றுகள் கெபாசிட்டர் ஒன்றைக்கொண்டே அழுத்தத்தைக் குறைக்கின்றன. அவற்றின் இரு முனைகளுக்கிடையே அளந்தால் 12 வோல்ட்டே காட்டும். ஆயினும் நிலத்தில் நிற்பவன் ஒரு முனையைத் தொடின் 230 வோல்ட்டின் தாக்குதலை எய்தக்கூடும். இத்தகையதை மிதவைக்கு ஒருகாலும் இணைத்தலாகாது. ரிலேயிலும் சுருளின் முனைகளும் மோட்டாரை நோக்கிய முனைகளும் நன்கு விலகியிருத்தல் இன்றியமையாதது.

ஆர்.ஸி.ஸி.பி. இருக்க அச்சமேன் எனச் சிலர் வினவுவர். ஃபேஸில் செல்வதற்கும் நியூட்ரலில் மீள்வதற்கும் இடையே ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் வேற்றுமை எய்தும்போது அது மின்னைத் துண்டிக்கும். ஆனால் 12 வோல்ட்டுச் சுற்று எர்த்தோடு இணையாது தனித்து நிற்பின், அதன்மேல் 230 வோல்ட்டு பட்ட பின்னும் கசிவு தோன்றாது. ஒருவர் கைவைக்கும்வரை குற்றம் மறைந்தே கிடக்கும்; கைவைத்த பின்னரே கருவி விழிக்கும். அதுபற்றியே சிலர் சிறிய சுற்றின் ஒரு முனையை எர்த்துடன் இணைத்துக் குற்றம் உடனே வெளிப்படச் செய்வர்; அதற்கு எர்த்து நம்பத்தக்கதாயிருத்தல் வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மற்றொன்றும் நினைவிற்குரியது. சிறிய சுற்று அதனின்று மின் பெறுமாயின், மெயினை நிறுத்திய பின்னும் பெட்டியுள் மின் நிலவும். இதனை மூடியின்மேல் தெளிவாக எழுதி ஒட்டுதல் வேண்டும்.

இணைப்புகளைச் செய்யவேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளரே. 12 வோல்ட்டு எக்கருவியாற் பெறப்படுகின்றது என்று வீட்டினர் அவரைக் கேட்டறியலாம். ஆர்.ஸி.ஸி.பி.யிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பார்ப்பதும் அவர்க்கு இயலும். அமுக்கியதும் அது விழாதாயின், வேறொன்று பொருத்தும்வரை மோட்டாரை ஓட்டாதிருத்தல் வேண்டும்.