கல்லை அகற்றிய தந்தை

முதல் வெள்ளிக்கு முந்தின நாள் மாலை. பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலில் வரிசையாக முழந்தாளிட்டிருக்கிறோம். அந்த வரிசையில் இரண்டு விதமான உள்ளங்கள் இருப்பதைப் பார்க்கலாம். ஒருத்தி, "போன மாதம் சொன்ன பாவங்களையே இந்த மாதமும் சொல்லப் போகிறேனே! என்னைப் போன்ற பாவி உண்டா?" என்று நடுங்குகிறாள். இன்னொருத்தி, "நான் என்ன பெரிய பாவம் செய்துவிட்டேன்? பொய் சொல்வதில்லை, காப்பி அடிப்பதில்லை. சொல்வதற்கு ஒன்றுமே இல்லையே!" என்று தனக்குள் சற்றுப் பெருமை கொள்கிறாள். முதலாமவளுக்கு வருவது அச்சம். இரண்டாமவளுக்கு வருவது அகந்தை. நம்மில் பலர் ஒரு வாரம் முதலாமவளாகவும், மறு வாரம் இரண்டாமவளாகவும் இருக்கிறோம் என்பதுதான் உண்மை.

இவ்விரண்டும் ஒரே தவறிலிருந்து பிறக்கின்றன. பாவமின்றி வாழ்வது நம் சொந்தச் சாமர்த்தியம் என்று எண்ணுவதே அத்தவறு. முடியாதபோது அஞ்சுகிறோம், முடிந்தபோது மார் தட்டுகிறோம். ஆனால் திருச்சபை நமக்குக் கற்பிப்பது வேறு. முதலில் வருவது இறைவனின் அருள். அதற்கு நாம் தரும் பதிலே பரிசுத்த வாழ்வு.

அருள் என்பது என்ன?

நம் பாட்டிமார் "வரப்பிரசாதம்" என்று சொன்னதையே இன்று நாம் "அருள்" என்கிறோம். நம் தகுதிக்காக அல்லாமல், இறைவன் தம் அன்பினால் இலவசமாகத் தரும் கொடை அது. ஞானஸ்நானத்தில் நம் ஆன்மாவில் ஊற்றப்பட்டு, நம்மை இறைவனின் பிள்ளைகளாக்குவது ஒரு வகை. அந்தந்த வேளையில் நன்மையைக் காட்டி, அதைச் செய்ய வலிமை தந்து, தீமையினின்று விலகத் துணை செய்வது மற்றொரு வகை. முன்னது உள்ளத்தில் குடியிருக்கும் விளக்கு. பின்னது நடக்கையில் கைப்பிடித்துக் கொள்ளும் கரம்.

சாவான பாவம் இந்த விளக்கை அணைத்துவிடுகிறது. கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அற்பப் பாவமோ விளக்கை அணைப்பதில்லை. ஆனால் அதன் ஒளியை மங்கச் செய்கிறது. அருளின் துணையால் சாவான பாவத்தை விலக்கி வாழ முடியும். ஆனால் வாழ்நாள் முழுதும் அற்பப் பாவங்கள் அனைத்தையும் தவிர்ப்பது, இறைவனின் தனிச் சலுகையின்றி எவராலும் இயலாது என்று 1547இல் திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது. அத்தனிச் சலுகையைப் பெற்றவர் நம் தேவதாய். ஆகவே, சிறு குறைகளைக் கண்டு மனம் உடையவும் வேண்டாம். பெரிய பாவம் இல்லை என்று பெருமை கொள்ளவும் வேண்டாம்.

இதைப் புத்தக அறிவாக அல்லாமல் வாழ்வாகக் கண்டவர் ஒருவர் உண்டு. நம் வயதையொத்த பருவத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவர். அவரே சிறுமலர் என்று நாம் அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்.

அழுகைக்காரச் சிறுமி

1873 ஜனவரி 2ஆம் நாள் பிரான்சு நாட்டில் அலன்சோன் நகரில் தெரேசா பிறந்தாள். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, அந்நகருக்கே பெயர் தந்த மெல்லிய பின்னல் லேஸ் தொழிலை நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி தெரேசா. அவர்களுள் நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். தெரேசாவுக்கு நான்கரை வயதானபோது, 1877 ஆகஸ்டில், தாயும் இறந்தாள். குடும்பம் லிசியு நகரில் குடியேறியது. தாயைப் போல் வளர்த்த அக்காள் பவுலின், 1882இல் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிரிவுகளால் சிறுமியின் மனம் கண்ணாடிபோல் ஆயிற்று; எதற்கெடுத்தாலும் அழுகை. அழுததற்காக மறுபடி ஓர் அழுகை!

இத்துடன் இன்னொரு துன்பமும் சேர்ந்தது. 12 வயதில் அவளைப் பாவ பயம் பிடித்துக்கொண்டது. எந்த நினைவும், எந்தச் சிறு செயலும் பாவமாய் இருக்குமோ என்ற கலக்கம். ஒன்றரை ஆண்டுக்குமேல் இந்த வேதனை நீடித்தது. மூத்த அக்காள் மரியாளிடம் தினமும் சொல்லிச் சொல்லி ஆறுதல் தேடுவாள். 1886 அக்டோபரில் மரியாளும் மடத்திற்குப் போனபோது, தனக்கு முன்னே மோட்சம் சென்ற நான்கு உடன்பிறப்புகளிடம் மன்றாடினாள். மனத்தில் சமாதானம் பிறந்தது. புனிதர்கள் பிறவியிலேயே வலியவர்கள் அல்லர் என்பதை இங்கே நாம் காண்கிறோம். பாவசங்கீர்த்தன வரிசையில் நடுங்கும் நம் தோழிக்கு இது எவ்வளவு ஆறுதல்!

அந்தக் கிறிஸ்மஸ் இரவு

1886ஆம் ஆண்டு கிறிஸ்மஸ். நடுச்சாமப் பூசை முடிந்து குடும்பம் வீடு திரும்பியது. அந்நாட்டு வழக்கப்படி, பிள்ளைகளின் காலணிகளில் பரிசுகளை வைத்து அடுப்பங்கரையில் மறைத்து வைப்பார்கள். 14 வயதை எட்டப்போகும் தெரேசாவுக்கு இன்னும் அந்த ஆசை போகவில்லை. களைப்பாயிருந்த தந்தை, நல்லவேளை இதுவே கடைசி ஆண்டு என்ற பொருள்பட முணுமுணுத்தார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்தது. கண்கள் குளமாயின. உடனே கீழே போகவேண்டாம் என்று அக்காள் செலின் தடுத்தாள்; போனால் அழுது கொண்டாட்டத்தைக் கெடுத்துவிடுவாளே!

ஆனால் தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கிச் சென்றாள். தந்தையின் முன் அமர்ந்து ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ந்தாள். தந்தையும் களைப்பு மறந்து சிரித்தார். பல ஆண்டுகள் தான் முயன்றும் முடியாததை இயேசு ஒரு நொடியில் செய்து முடித்தார் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். அந்நாளைத் தம் மனமாற்றத்தின் நாள் என்றே அழைத்தார்.

இங்கே அருளும் பதிலும் இரு கைகள் போல் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். வலிமை இறைவனிடமிருந்து வந்தது. ஆனால் படியில் இறங்கிய கால்கள் தெரேசாவின் கால்கள். அருள் நம்மைப் பொம்மையாக்குவதில்லை, நடக்க வல்லவர்களாக்குகிறது.

மருத்துவரின் மகன்

1888 ஏப்ரல் 9ஆம் நாள், 15 வயதில், தெரேசம்மாள் லிசியு கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அடுத்த மாதம் பிஷோன் என்ற இயேசு சபைக் குருவிடம் தம் வாழ்நாள் முழுவதற்குமான பாவசங்கீர்த்தனம் செய்தார். அவர் ஒரு சாவான பாவமும் செய்ததில்லை என்று அக்குரு உறுதி கூறினார். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. இது இறைவன் உமக்குச் செய்த நன்மை, அவர் கைவிட்டால் நீர் வானதூதராக அல்ல, குட்டிப் பிசாசாக ஆகிவிடுவீர் என்ற கருத்தில் எச்சரித்தார். அதை நம்புவதில் தமக்குச் சிரமமே இருக்கவில்லை என்று புனிதை எழுதியுள்ளார்.

பாவம் செய்யாததற்குக் காரணம் தாம் அல்லர் என்றால், இறைவனுக்குத் தாம் எவ்வளவு கடன்பட்டவர்! இதை விளக்க அவர் ஓர் உவமை சொன்னார். அதன் சாரம் இதுதான்:

கைதேர்ந்த மருத்துவர் ஒருவருக்கு ஒரு மகன். அவன் வழியில் கிடந்த கல்லில் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். தந்தை ஓடி வந்து தூக்கி, கட்டுப் போட்டுக் குணமாக்குகிறார். மகன் நன்றியோடு தந்தையை நேசிப்பான், நேசிக்க வேண்டியதுதான். இப்போது வேறு விதமாக எண்ணிப் பாருங்கள். வழியில் கல் கிடப்பதை முன்னரே அறிந்த தந்தை, எவரும் பாராத வேளையில் முந்திச் சென்று அதை அகற்றிவிடுகிறார். மகன் விழவில்லை, அதனால் தந்தை செய்ததும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலோ, முன்னவனைவிட அதிகமாக அன்றோ நேசிப்பான்!

பாவத்தில் விழுந்து மன்னிக்கப்பட்டவர்களே இறைவனை அதிகம் நேசிப்பர் என்பதுண்டு. சீமோனின் வீட்டில் ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் கழுவிய பெண்ணை நாம் அறிவோம். தெரேசம்மாளோ, தமக்கு எல்லாமே முன்கூட்டியே மன்னிக்கப்பட்டதாகக் கண்டார். ஆகவே அவரைவிட அதிகமாக நேசிக்கத் தாம் கடமைப்பட்டவர் என்று கொண்டார்.

நமக்கு அகற்றப்பட்ட கற்கள்

இந்த உவமையை நம் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். நாம் திருடுவதில்லை, ஆனால் பசித்த வயிற்றோடு பலகாரக் கடையின் முன் நின்றிருக்கிறோமா? நாம் வீட்டில் பொய் சொல்வதில்லை. ஆனால் உண்மை சொன்னதற்காக அடி வாங்கி வளர்ந்திருக்கிறோமா? இரவில் செபமாலை சொல்லும் தாய், தலை வாரிவிடும்போதே நல்லது கெட்டது சொல்லும் பாட்டி, தவறும்போது தனியாக அழைத்துக் கண்டிக்கும் சிஸ்டர் - இவர்களெல்லாம் நம் பாதையில் கல்லை அகற்ற இறைவன் அனுப்பிய கைகள் அல்லவா?

அப்படியானால், தேர்வில் காப்பி அடித்துப் பிடிபட்டு, தலை குனிந்து நிற்கும் ஒரு தோழியைப் பார்த்து நாம் எப்படி முகம் சுளிக்க முடியும்? அவள் வழியில் கிடந்த கல் எவ்வளவு பெரிதென்று நமக்குத் தெரியுமா? அவள் செய்தது தவறே. தவறைத் தவறு என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் இடைவேளையில் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுப்பவர், தம் நற்குணத்தைத் தாமே சம்பாதித்ததாக எண்ணுகிறார். அருளை அறிந்தவர் அவளருகே சென்று அமர்வார்.

தெரேசம்மாள் அப்படித்தான் செய்தார். 1887இல் பாரிசு நகரில் இரு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்ற குற்றத்திற்காகப் பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அவனை வெறுத்தது. 14 வயதுத் தெரேசாவோ அவனுக்காகச் செபித்தாள். பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தாள். மனம் திரும்பாமலே தூக்குமேடை போன்ற அந்த வெட்டுமேடையை நெருங்கியவன், 1887 ஆகஸ்டு 31ஆம் நாள், கடைசிக் கணத்தில் குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை மும்முறை முத்தமிட்டான். அவனைத் தம் முதல் குழந்தை என்று அழைத்தார் நம் புனிதை.

பெற்றோருக்கும் ஒரு சொல். கல்லை அகற்றுவது வேறு. பிள்ளையை நடக்கவே விடாமல் அறையில் பூட்டுவது வேறு. மார்ட்டின் தம்பதியர் தம் மக்களுக்குக் காவல் வைத்ததைவிட, தாம் முன்னே நடந்து வழி காட்டினர். அதனாலேயே 2015 அக்டோபர் 18ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவ்விருவரையும் ஒருங்கே புனிதராக உயர்த்தினார்.

பதில் தருவது எப்படி?

பெரிய தவங்கள் தேவையில்லை. மடத்தில் தெரேசம்மாள் தந்த பதில்கள் எல்லாம் சிறியவை. துணி துவைக்கையில் எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை முகத்தில் தெறிக்க வைத்தார். அவர் விலகாமல் நின்றார். தியான நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் ஓயாமல் சத்தம் எழுப்பினார். திரும்பி முறைக்காமல், அச்சத்தத்தையே இறைவனுக்கு இன்னிசையாக ஒப்புக்கொடுத்தார். இயல்பாகவே தமக்குப் பிடிக்காத ஒரு சகோதரிக்கு மிக இனிய புன்னகை தந்தார். என்னிடம் எது உம்மை இவ்வளவு கவர்கிறது என்று அந்தச் சகோதரியே வியந்து கேட்டாராம்! நம் வகுப்பிலும் விடுதியிலும் இத்தகைய வாய்ப்புகளுக்குப் பஞ்சமா என்ன?

அப்படியும் விழுந்துவிட்டால்? தாம் சாவான பாவத்தினின்று காக்கப்பட்டதால்தான் இறைவனை நம்புவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதில் புனிதை கவனமாயிருந்தார். உலகத்துப் பாவங்கள் அனைத்தையும் செய்திருந்தாலும், அதே நம்பிக்கையோடு இயேசுவின் கரங்களில் ஓடி விழுவேன் என்ற கருத்தையே கடைசி நாட்களில் வலியுறுத்தினார். கல்லை அகற்றும் தந்தையே கட்டுப் போடும் மருத்துவரும் ஆவார். பாவசங்கீர்த்தனம் நீதிமன்றக் கூண்டு மட்டுமல்ல, அம்மருத்துவரின் அறை.

இரவில் ஆன்மசோதனை செய்கையில் நாம் வழக்கமாக, "இன்று எங்கே விழுந்தேன்?" என்று தொடங்குகிறோம். அதற்கு முன்னே வேறொரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்: "இன்று என் வழியில் எந்தக் கல்லை இறைவன் அகற்றினார்?" கோபத்தில் சொல்ல வாயெடுத்து நிறுத்திய சொல், பார்க்காமல் மூடிய புத்தகம், தக்க நேரத்தில் வந்த தோழி - ஒவ்வொன்றாய் நினைவுக்கு வரும். நன்றி பிறக்கும். நன்றியிலிருந்து பிறக்கும் மனஸ்தாபம் அச்சத்தால் வருவதைவிட ஆழமானது. தண்டனைக்குப் பயந்து பாவத்தை விடுபவள் காவலர் இல்லாத இடத்தில் தடுமாறுவாள். தந்தையை நேசிப்பவளோ எங்கும் மகளாகவே இருப்பாள்.

24 ஆண்டுகளே வாழ்ந்து, காசநோயால் 1897 செப்டம்பர் 30ஆம் நாள் இறந்த அந்தச் சகோதரியை 1925இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் புனிதராக உயர்த்தினார். 1997இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநராகப் பிரகடனம் செய்தார். பெரிய பேராசிரியர்கள் வரிசையில் ஓர் இளம் பெண்! அவர் கற்பித்த பாடத்தை நாமும் கற்போம். அடுத்த முதல் வெள்ளிக்கு வரிசையில் நிற்கையில், நடுங்குபவளும் பெருமை கொள்பவளும் போய், நன்றியுள்ள மகள் ஒருத்தி நம்முள் முழந்தாளிடுவாளாக!